பெற்றோல் தாங்கிக்கு மேல் ஒரு சின்ன இருக்கை

இஞ்சேருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இனிக் கூப்பிட்டும் என்ன, அதனால் பழையபடியே தொடங்குகிறேன்.

இன்று காலை சுபாவின் பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அவசரப்படுத்தினாள். அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பேணியைப் பொத்தான் பேணி என்று நினைத்து இறக்கி, மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. உங்களுடைய பேணி அது. நட்டுகளும் வளைந்த ஆணிகளும் கிடந்தன. அடியில், பத்திரிகைத் துண்டில் சுற்றி, அந்த போல்ட். சின்னவிரல் நீளம்தான் இருக்கும். அதன் மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. நட்டைப் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது, எங்கும் பிடிக்கவில்லை. சுபாவின் சட்டைக்கு ஊசி குத்தி அனுப்பிவிட்டு, குசினித் தரையிலேயே இருந்துவிட்டேன்.

எங்கள் பிள்ளை ஐந்து மாதம் தொலைந்திருந்தாள். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் நீங்கள் இந்த போல்ட்டைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தீர்கள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு, வண்டி எப்போது முடியும் என்று உங்களை அரித்துக்கொண்டிருந்தேன். அதற்காக மூன்று வருடம் உங்களோடு கோபமாக இருந்தேன். கோபம் தீருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அது மட்டுமென்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். உங்களுக்குச் சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். முதலிலிருந்து வருகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணியில், இங்கே பலேர்மோவில் நான் வீட்டுவேலை செய்த இத்தாலிக்கார முதலாளியம்மா, சிஞ்ஞோராவின் வீட்டு நிலவறையைத் துப்புரவாக்க உங்களையும் கூட்டிப்போனேன். அவருடைய இறந்துபோன கணவரின் மோட்டார் சைக்கிள் அங்கே சாக்கு மூடிக் கிடந்தது. எங்கள் இருவரையும்விட வயது கூடிய வண்டி. அதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது, எங்கேயாவது கொண்டுபோங்கள் என்றார் சிஞ்ஞோரா. நான் குப்பைக்குக் கொண்டுபோவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வியா மக்வேதா தெரு நெடுக அதை உருட்டி, பல்லரோ சந்தையில் மீன்காரர்கள் சிரிக்கச் சிரிக்க உருட்டி, வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினீர்கள்.

வீடு என்றா சொன்னேன். சந்தைக்குப் பின்னால் தெருவோடு ஒட்டிய ஒற்றை அறை. கதவைத் திறந்தால் குசினி, குசினிக்குப் பின்னால் கட்டில். அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே இப்போது ஒரு மோட்டார் சைக்கிள்.

"இது ஆக்கள் இருக்கிற இடமோ, கராச்சோ?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் இடமிருக்கு. நீர் கொஞ்சம் தள்ளி நிண்டு சமையும்."

வண்டியோடு அந்த மனிதரின் பழைய சஞ்சிகைகளும் வந்தன. அதில் ஒரு படத்தைக் காட்டி, இதன் பெயர் பாபர் என்றீர்கள். பெரிய யுத்தம் முடிந்து வீட்டுக்கு வந்த அமெரிக்க இளைஞர்கள் பழைய வண்டிகளில் வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து, வாலைக் கட்டையாக வெட்டி, இப்படிச் செய்தார்களாம். "முன் மட்காட் வேண்டாம். பின் மட்காட் பாதி காணும். மினுங்கிற தகடு ஒண்டும் வேண்டாம். எஞ்சின், ரெண்டு சில்லு, ஒரு சீற். அவ்வளவுதான்."

"அப்ப நான் எங்கை இருக்கிறது?"

"நீர் பஸ்ஸிலை வாரும்."

நான் திட்டினேன், ஆனால் தடுக்கவில்லை. பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயை ஊற்றியே வண்டிகளை ஓடவைத்த கை உங்களுடையது. பலேர்மோவுக்கு வந்து மூன்று வருடமாக அந்தக் கை மூன்று மாடிக் கட்டடங்களின் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஸ்பானரைப் பிடித்ததும் உங்கள் தோளே வேறு மாதிரி நின்றது. பின் மட்காட்டில் வெட்டவேண்டிய இடத்துக்குக் கோடு போட ஒன்றும் அகப்படாமல், சாமிப் படத்துக்கு முன்னாலிருந்த என் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக் கோடு போட்டீர்கள். "வெட்டப்போற ஆட்டுக்குப் பொட்டு வைச்ச மாதிரி இருக்கு" என்றேன். இரும்பு வாளால் அறுத்து முடிக்க இரண்டு பின்னேரம் பிடித்தது. அந்த இரண்டு நாளும் சோற்றில் இரும்புத்தூள் கடிபட்டது.

அப்போது நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. சுபாவை நாலு வயதில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். பனிக்காடும் எல்லையும் தாண்டிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சின்னப் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்றிருந்தான். இப்போது இருவருக்கும் இங்கே இருக்க பெர்மெஸ்ஸோ அனுமதி கிடைத்துவிட்டது. பிள்ளையை முறையாகக் கூப்பிட குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விண்ணப்பம் கொடுத்திருந்தோம். அடுத்த வருடம் வந்துவிடுவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் நீங்கள் அந்தச் சின்ன இருக்கையைச் செய்யத் தொடங்கினீர்கள். ஊரில் தகப்பன்மார் பெற்றோல் தாங்கிக்கு மேல் துவாயை மடித்துப் போட்டுப் பிள்ளையை இருத்திக்கொண்டு போவார்கள். அதையே ஒழுங்காகச் செய்யப்போகிறேன் என்றீர்கள். சந்தையிலிருந்து தோடம்பழப் பெட்டிப் பலகை கொண்டுவந்து அரத்தால் ராவினீர்கள். எங்கள் பயணப்பையின் றெக்சினை வெட்டிப் போர்த்தீர்கள். இரண்டு பட்டைத் தகடு, ஒரு போல்ட். அளவு கேட்டேன். இரண்டு கையையும் காற்றில் விரித்து, "இவ்வளவுதானே பிள்ளை" என்றீர்கள். "ஏழு வயசாகுது, வளந்திருப்பாளெல்லே" என்றேன். "எவ்வளவு வளரப்போறாள்" என்றீர்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. அந்தக் கிழமை வியா மக்வேதாவில் அவளுக்கென்று நான் வாங்கிய சிவப்புச் சப்பாத்தும் நாலு வயதுக் கால் அளவுதான். வரும்போது கொண்டுவந்த நாலு வயதுப் படத்தில் இருந்த பிள்ளைக்குத்தான் நாங்கள் இருவரும் எல்லாம் செய்துகொண்டிருந்தோம்.

ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் வெளிக்கிட்டது. ஒரே இரவில், மழைக்குள், ஊரே ஒரு தெருவால் நடந்து போனது என்று மகேந்திரனின் கடையில்தான் கேள்விப்பட்டோம். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தொலைபேசி வருவது அந்தப் பலசரக்குக் கடைக்குத்தான். இரண்டு கிழமை நான் சாப்பிட்டது நினைவில்லை. சிஞ்ஞோராவின் கண்ணாடிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கைதவறி உடைத்தேன். ஞாயிறில் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு எங்கள் சனம் வெறுங்காலோடு ஏறுவதுபோல நானும் ஏறி, குகைக்குள் சிலையாகப் படுத்திருக்கிற இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம், நீயும் ஒரு பொம்பிளைப் பிள்ளைதானே, என் பிள்ளையைப் பார் என்று தமிழில் அழுதேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை நான் வேலையால் வந்தபோது, நீங்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தீர்கள். கண் இரண்டும் சிவந்திருந்தது. மண்ணெண்ணெய் பட்டுவிட்டது என்றீர்கள்.

"கொழும்பிலையிருந்து போன் எடுத்தவங்கள். அக்காவும் பிள்ளையும் கிளிநொச்சிக்குப் போய்ச் சேந்திட்டினமாம். சுகமா இருக்கினமாம்."

"பிள்ளை கதைச்சவளோ?"

"அங்கை எங்கை போன்? கடிதம் போட்டிருக்கினமாம். தபால் ஓடுறேல்லை, சுணங்கும்."

நான் சாமிப் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டேன். திரும்பி வந்து உங்கள் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தக் கை நடுங்கியது. அது சந்தோஷத்தில் என்று நினைத்தேன். எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன் அந்தக் கையை.

உண்மையில் வந்த செய்தி இதுதான். ஊரைவிட்டுப் போகிற வழியில், பாலத்தடி நெரிசலில் அக்காவின் கையிலிருந்து சுபாவின் கை வழுவிவிட்டது. அக்கா இரண்டு நாள் அங்கேயே நின்று கத்தியிருக்கிறா. பிள்ளை இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்றும் தெரியாது.

கடிதம் எப்போது வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் என் வாயை அடக்க, "வண்டி முடியட்டும், கடிதம் தானா வரும்" என்று சொன்னீர்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னீர்கள். நான் அதை நேர்த்திக்கடனாகப் பிடித்துக்கொண்டேன். கடிதம் வந்த அன்றைக்குத்தான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவேண்டும், அதற்குள் வண்டியில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று நானே சட்டம் போட்டேன். சிஞ்ஞோரா வீட்டிலிருந்து வந்ததும் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு துருத் தேய்த்தேன். தாங்கியைச் சாண்ட் பேப்பரால் உரஞ்சி உரஞ்சி என் விரல்நுனித் தோல் போனது. பாட்டு வேறு பாடினேன். எங்கள் பிள்ளை எங்கேயோ ஒரு சனக்கூட்டத்துக்குள் அம்மா என்று கத்திக்கொண்டிருந்த நாட்களில், நான் கறுப்புப் பெயின்ற் காய்வதற்கு விசிறிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன்.

மார்கழி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பழைய சைக்கிளின் ஸ்பிரிங் இருக்கை உங்களுக்குப் பொருத்தியாயிற்று, ஹாண்டில் பூட்டியாயிற்று. சின்ன இருக்கை மட்டும்தான் மிச்சம். அதைப் பூட்டினால் வண்டி முடிந்தது. நீங்கள் பூட்டினீர்கள். அடுத்த நாள் நான் வரும்போது அது கழற்றி மேசையில் கிடந்தது. கொஞ்சம் சரிவாக இருந்தது என்றீர்கள். திரும்பப் பூட்டினீர்கள். திரும்பக் கழற்றினீர்கள். தகடு உரசுகிறது, உயரம் போதாது, வாசர் மாற்றவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம்.

"ஒரு சின்னப் பலகையைப் பூட்ட ரெண்டு மாசமோ?" என்று கேட்டேன். "உங்களுக்குப் பிள்ளை வாறதிலை விருப்பமில்லையோ?"

அப்படிக் கேட்டேன். நாக்கு அழுகிப் போகாமல் இன்னும் இருக்கிறது. நீங்கள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டீர்கள். கை கழுவ இவ்வளவு நேரமா என்று நான் வெளியே நின்று முணுமுணுத்தேன்.

மாசியில் ஒருநாள் சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல் என்று மத்தியானமே வந்துவிட்டேன். கதவு சாத்தியிருக்கவில்லை. வெயில் நேரே உங்கள் மேல் விழுந்தது. நீங்கள் அந்தச் சின்ன இருக்கையைத் தாங்கியில் வைத்து, போல்ட்டைச் செருகி, நட்டைத் திருகினீர்கள். இறுக்கி முடித்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றீர்கள். பிறகு அதே ஸ்பானரால் கழற்றத் தொடங்கினீர்கள். கழற்றி முடித்துத் திரும்பப் பூட்டினீர்கள். நான் மூன்று தரம் பார்த்தேன். உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, கூப்பிடாமல் சந்தைப் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேண்டுமென்றே சத்தம்போட்டு இருமிக்கொண்டு வந்தேன்.

பங்குனியில், வியாழக்கிழமை. எங்கள் இருவருக்கும் பின்னேரம் ஓய்வு. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், நீங்கள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தீர்கள். மகேந்திரன் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் நின்றான்.

"அக்கா, பிள்ளை கிடைச்சிட்டுது. இப்பதான் எடுத்தவங்கள். ஒரு வாத்தியார் குடும்பத்தோடை நிண்டிருக்கிறாள். உங்கடை அக்கா போய்க் கூட்டிக்கொண்டு வந்திட்டாவாம்."

"ஆற்றை பிள்ளை?"

"உங்கடை சுபாதான் அக்கா."

"அவள் எப்ப துலைஞ்சவள்?"

மகேந்திரன் உங்களைப் பார்த்தான். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். பிள்ளை தொலைந்ததும் கிடைத்ததும் ஒரே மூச்சில் எனக்கு வந்து சேர்ந்தது. பெற்றவளுக்குத்தான் கடைசியாக. கடைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் சனம் என்னைப் பார்த்துக் கதையை நிறுத்தியது, ஒருத்தி காரணமில்லாமல் என் கையைப் பிடித்தது, எல்லாவற்றுக்கும் அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. கையில் அகப்பட்ட பேணியைத் தூக்கி உங்கள்மேல் எறிந்தேன். இதே பேணிதான், மூடியில் நசிவு இன்னும் இருக்கிறது.

"அஞ்சு மாசம்," என்றேன். "அஞ்சு மாசம் என்ரை பிள்ளைக்கு அழ என்னை விடேல்லை நீங்கள்."

"சொன்னால் நீர் தாங்கமாட்டீர். தேடிப் போக வழியில்லை, ஒண்டும் செய்யேலாது. ரெண்டு பேரும் கிடந்து சாகாமல் ஒராளாவது நித்திரை கொள்ளட்டும் எண்டு நினைச்சன்."

"நான் நித்திரை கொண்டன். நல்லாக் கொண்டன். அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு."

நீங்கள் எழும்பி, சின்ன இருக்கையை எடுத்துத் தாங்கிமேல் வைத்துப் பூட்டப் போனீர்கள். போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. "மரை போயிட்டுது" என்றீர்கள். கம்பியால் இறுக்கிக் கட்டினீர்கள். பிறகு வண்டியைத் தெருவுக்குத் தள்ளி உதைத்தீர்கள். ஏழாவது உதையில் பிடித்தது. எதிர்வீட்டு மீன்காரர் வெளியே வந்து கை தட்டினார். அந்தச் சத்தத்துக்காக நான் ஐந்து மாதம் காத்திருந்தேன், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எது சொன்னாலும் எனக்கு ஒரே கேள்விதான். பஸ் பத்து மணிக்கு என்றால், உண்மையோ என்பேன். மீன் புதுசு என்றால், ஆருக்குத் தெரியும் என்பேன். நீங்கள் ஒருநாளும் எதிர்த்துக் கதைக்கவில்லை. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

யுத்தமும் கடதாசிகளும் இழுத்தடித்து, சுபா வந்து சேர இன்னும் இரண்டு வருடமாயிற்று. ரோமில் இறங்கி, நேப்பிள்ஸிலிருந்து கப்பலில், அதே வழியால் வந்த ஒரு குடும்பத்தோடு வந்தாள். நீங்கள் விடியவே எழும்பி வண்டியைத் துடைத்து, சின்ன இருக்கையின் றெக்சினுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நான் சிவப்புச் சப்பாத்தோடு பஸ்ஸில் வந்தேன். படிக்கட்டால் இறங்கி வந்த பிள்ளை என் தோளுக்கு நின்றாள். பத்து வயது. கால் இரண்டும் கொக்குக்கால் மாதிரி நீண்டிருந்தது. சப்பாத்துப் பையை நான் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். உங்களால் அந்த இருக்கையை ஒளிக்க முடியவில்லை.

அவள் வண்டியைப் பார்த்தாள். தாங்கிமேல் இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். ஆறு வருடத்தில் உங்களிடம் அவள் முதல்தரம் கேட்ட கேள்வி இதுதான்.

"அப்பா, இது ஆருக்கு?"

நீங்கள் அவளுடைய பையை வாங்கி அந்த இருக்கையில் வைத்தீர்கள். "பை வைக்க" என்றீர்கள். மூன்று பேரும் நடந்தோம். நீங்கள் வண்டியை உருட்டிக்கொண்டு, சுபா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பிள்ளைக்கென்று இருக்கை வைத்த வண்டியில் ஒருவர்கூட ஏறாமல் வீடு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இனி நான் சொல்ல வந்தது.

இந்த வருடம் சித்திரையில் உங்களுக்கு வயிற்று நோ கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு கிழமை கழித்து அந்தச் சின்ன வயது டாக்டர் பெண் என்னை நடைவழிக்குக் கூப்பிட்டார். இந்த ஊரிலும் நோயாளிக்கு முன் வீட்டாருக்குத்தான் சொல்கிறார்கள். எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். இரண்டு மாதம் இருந்தாலே பெரிய காரியம். கணவருக்கு நாங்கள் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

உள்ளே வந்தேன். நீங்கள் தலையணையில் சாய்ந்திருந்தீர்கள்.

"டொக்டர் என்ன சொன்னவ?"

"ரத்தம் சோதிக்கக் குடுத்திருக்கினமாம். ரிசல்ட் வர அடுத்த கிழமையாகும்."

கேளுங்கள். முதல் நாள் நான் மறைத்தது இரக்கத்தால் இல்லை. நடைவழியிலிருந்து கட்டிலுக்கு வந்த அந்தப் பத்து அடிக்குள், தெரியாமல் கிடக்கிறது எப்படி இருக்கும் எண்டு இப்ப நீங்கள் பாருங்கோ என்று என் மனம் சொன்னது. உயிர் போகப்போகிற மனுஷனைப் பார்த்து அப்படி நினைத்தேன். இதை நான் சாந்தா ரொசாலியாவுக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் உண்மையாகவே சொல்ல வந்தேன். பஸ்ஸில் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் சவரம் செய்து, தலை இழுத்து, "இண்டைக்கு நோ குறைவு" என்று சிரித்தீர்கள். தலையணையைச் சரிசெய்தேன். அதற்கடுத்த நாளும் சொல்ல வந்தேன். விரிப்பை உதறிப் போட்டேன். ரிசல்ட் சுணங்குதாம், மெஷின் பழுதாம், டொக்டர் லீவாம். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். உங்கள் கை அன்றைக்கு ஏன் நடுங்கியது என்று எனக்கு அப்போது தெரிந்தது. சொல்லாமல் இருப்பது ஒருதரம் செய்யும் வேலை என்று நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பித் திரும்பச் செய்யவேண்டிய வேலை. நான் ஏழு கிழமை செய்தேன். நீங்கள் ஐந்து மாதம் செய்தீர்கள்.

கடைசிக்கு முந்திய ஞாயிறு, பின்னேரம். சுபா ஜன்னலடியில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணிப் போத்தலின் மூடியைக் கழற்றி ஊற்றினேன், மூடினேன். நீங்கள் குடிக்கவில்லை. திரும்பக் கழற்றினேன், மூடினேன். ஊற்றுவதற்கு ஒன்றுமில்லாமலும் கழற்றினேன். நீங்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"காணும், விடும். கனதரம் கழட்டிப் பூட்டினால் மரை போயிடும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ரிசல்ட் என்னவென்று நீங்கள் கேட்கவேயில்லை. எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் என்று நானும் கேட்கவில்லை. நான் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக் கிடந்தீர்கள். மனுஷன் நித்திரை கொள்கிறார், நல்லது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். உண்மையாகவே கொண்டீர்களோ, எனக்காகக் கிடந்தீர்களோ.

சுபா இங்கே வந்த புதிதில் என்னிடம் ஒருநாள் கேட்டாள். "அம்மா, நான் துலைஞ்ச நேரம் நீங்கள் அழுதனீங்களோ?" ஓம், ஒவ்வொரு நாளும் அழுதேன் என்று சொன்னேன். அதுவும் பொய்தான். அப்போது நீங்கள் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

போல்ட்டைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். வண்டி வெளியே தார்ப்பாய் மூடி நிற்கிறது, சின்ன இருக்கை கம்பிக்கட்டோடு அப்படியே இருக்கிறது, அதை நான் கழற்றவில்லை. சுபா ஒரு மணிக்கு வருவாள். சட்டையைக் கழற்று, பொத்தான் தைக்கவேண்டும் என்று சொல்லி இருத்தி, இந்த போல்ட்டை அவள் கையில் கொடுக்கப்போகிறேன். நீ தொலைந்திருந்தபோது நான் அழவில்லை பிள்ளை, நான் பாடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லப்போகிறேன். ஐந்து மாதம் குழாயைத் திறந்துவிட்டு உனக்காக அழுதது அப்பா.